மலிவான காபன் பிரேம்: வாங்க முன்னரும் பூட்ட முன்னரும் தெரிந்திருக்க வேண்டியவை

வடக்கு, கிழக்கில் சைக்கிளுக்கு இருக்கும் இடம் தனி. 1990களின் பொருளாதாரத் தடையில், பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டை ஓடவைத்தது அதுதான். பற்றரி கிடைக்காத நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வயோதிபரையும் பிள்ளைகளையும் அரிசி மூட்டையையும் சுமந்ததும் அதே சைக்கிள்தான். 2022 எரிபொருள் நெருக்கடியில் நாடே மீண்டும் அதைத் தேடிப் போனது.

இன்று அதே ஊர்களில் சைக்கிளோட்டப் போட்டிகளில் கலந்துகொள்ளும் இளைஞர்கள் வேறொரு சைக்கிளைப் பற்றிக் கதைக்கிறார்கள். அது காபன் பிரேம் போட்ட ரேசிங் சைக்கிள். பெரிய நிறுவனங்களின் காபன் பிரேம் ஒன்று 2,000 அமெரிக்க டொலரையும் தாண்டும். ஆனால் சீனாவில் இருந்து இணையம் வழியாக நேரடியாக வாங்கக்கூடிய பிரேம்கள் பொதுவாக 400 முதல் 800 டொலருக்குள் கிடைக்கின்றன. ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் மாமா ஒருவர் வாங்கித்தரச் சம்மதித்தால், எட்டாத பொருள் எட்டிவிடுகிறது.

அந்தப் பணம் வீண்போகாமலும் ஓடுபவருக்கு ஆபத்து வராமலும் இருக்க வேண்டுமானால் இரண்டு விடயங்கள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, பிரேமின் ஒவ்வோர் அளவும் மற்றப் பாகங்களோடு பொருந்த வேண்டும். ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் பூட்ட முடியாது. இரண்டாவது, காபன் உருக்கைப் போல வளைந்து எச்சரிக்கை தராது. உள்ளே பழுதடைந்த காபன் வெளியே நன்றாகவே தெரியும். பிறகு ஒரு நாள் திடீரென முறியும்.

காபன் பிரேம் எப்படி உருவாகிறது?

ஏறத்தாழ 7 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள, தலைமயிரை விடப் பல மடங்கு மெல்லிய காபன் இழைகளை எபொக்சி என்னும் பசையில் தோய்த்துத் தாள்போல ஆக்குகிறார்கள். அந்தத் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டி, கையால் அடுக்கி, உலோக அச்சுக்குள் வைத்து, உள்ளே காற்றுப் பையை ஊதி அழுத்தி, சூடாக்கி இறுக வைக்கிறார்கள். கரையோர ஊர்களில் பைபர் படகு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே கண்ணாடி இழைப் பாயும் ரெசினும். இங்கே காபன் இழையும் எபொக்சியும். இழை வேறு, பசை வேறு. அடிப்படை ஒன்றுதான்.

காபன் இழை தன் நீளவாக்கில் மிகப் பெரிய இழுவையைத் தாங்கும். குறுக்கே விழும் அடியை அந்தளவு தாங்காது. ஆகவே எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில் என்பதில்தான் பிரேமின் பலம் இருக்கிறது. விற்பனையாளர்கள் பெரிதாகப் போடும் ‘ரி700’, ‘ரி800’ என்பவை ஜப்பானின் ரோரே நிறுவனத்தின் இழை வகைகள். அந்த இலக்கம் இழையைப் பற்றி மட்டுமே சொல்கிறது. அடுக்கியவர் ஒழுங்காக அடுக்கினாரா, இடையில் காற்றுக் குமிழி நிற்கிறதா என்பதை அது சொல்லாது.

1986இல் கிரெக் லெமொண்ட் ‘டூர் டி பிரான்ஸ்’ போட்டியை வென்றது காபன் குழாய்களால் ஆன சைக்கிளில். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரித்தானிய வீரர் கிறிஸ் போர்ட்மன் லோட்டஸ் நிறுவனத்தின் காபன் சைக்கிளில் தங்கம் வென்றார். சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனமான யூசிஐ, போட்டிச் சைக்கிளின் குறைந்தபட்ச எடையை 6.8 கிலோவாக 2000ஆம் ஆண்டில் வரையறுத்தது. அன்று வெற்றியாளர்களிடம் மட்டும் இருந்த பொருள் இன்று சாதாரண மக்களுக்கும் கிடைப்பதற்குக் காரணம், உலகின் பெரும்பாலான காபன் பிரேம்கள் சீனாவிலும் தாய்வானிலும் பெருமளவில் உற்பத்தியாவதே.

மலிவு வேறு, போலி வேறு

இணையத்தில் மலிவாகக் கிடைப்பவை இரண்டு வகை. முதலாவது, பொது அச்சுப் பிரேம். ஒரு தொழிற்சாலை தன் செலவில் அச்சை உருவாக்கி, கேட்பவர் எல்லோருக்கும் விற்கிறது. ஒரே பிரேம் பல சிறு நிறுவனங்களின் பெயரில் வரும். விளம்பரச் செலவும் போட்டி அணிகளுக்குக் கொடுக்கும் பணமும் இல்லாததால் விலை குறைகிறது. சியாமென், ஷென்சென் பகுதிகளில் இருந்து இவ்வாறு வரும் பிரேம்களில் நல்லவையும் உண்டு.

இரண்டாவது வகை போலி. இத்தாலிய, அமெரிக்க நிறுவனங்களின் பெயரையும் நிறத்தையும் அப்படியே பூசி, கால் விலைக்கு விற்கிறார்கள். இதைச் செய்தவர் யார் என்று தெரியாது. முறிந்தால் பொறுப்புக் கூறவும் ஆளில்லை. பிரபல நிறுவனத்தின் புதிய பிரேம் 500 டொலருக்கு வருகிறதென்றால் அதை விட்டுவிடுங்கள்.

பொது அச்சுப் பிரேம் வாங்கும்போது தொழிற்சாலையின் சொந்தப் பெயரும் மாதிரி இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். முழு அளவு வரைபடம் தருகிறார்களா, ஐஎஸ்ஓ 4210 சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். ஐஎஸ்ஓ 4210 என்பது சைக்கிளின் பாதுகாப்புத் தரம். பிரேமையும் போர்க்கையும் திரும்பத் திரும்ப அழுத்தியும் மோதியும் பார்க்கும் சோதனைகள் அதில் அடங்கும். யூசிஐ முத்திரை வேறு விடயம். அது வடிவம் போட்டி விதிகளுக்கு அமைவாக இருக்கிறது என்பதற்கான அனுமதி. பலத்துக்கான சான்று அல்ல.

யாருக்கு வேண்டாம்?

நமது ஊர்ச் சைக்கிளில் பாரில் ஒருவர், கரியரில் இன்னொருவர் போவது வழமை. காபன் பிரேமின் மேல் குழாய் அதற்குச் செய்யப்பட்டதல்ல. சுவர் மெல்லிய குழாய் அது. ஓடுபவரின் எடை சீற்றிலும் பெடலிலும் ஹாண்டிலிலும் இறங்கும்போது தாங்கும். நடுவில் ஒருவர் இருந்தால் வெடிக்கக்கூடும். ரேசிங் பிரேம்களில் கரியர் பூட்டவும் பொதுவாக இடமில்லை. லொறியில் மற்றச் சாமான்களோடு அடுக்கி அனுப்பினால், பக்கவாட்டில் படும் ஓர் அடியே போதும். பாடசாலைக்கும் ரியூசனுக்கும் சந்தைக்கும் ஒரே சைக்கிள்தான் என்றால் காபன் வேண்டாம்.

போட்டிக்கென்று வாங்குபவரும் ஒன்றை யோசிக்க வேண்டும். நல்ல காபன் பிரேம் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். அலுமினியப் பிரேம் அதைவிட 300 முதல் 600 கிராம் வரை கூடும். அந்த வித்தியாசம் மலையேறும்போது பயன் தரும். யாழ்ப்பாணக் குடாநாடும் வன்னியும் பெரும்பாலும் சமதரை. இங்கே எதிராளி காற்றுதான். நல்ல ரயர், உடலுக்குச் சரியான அளவு, குனிந்து ஓடக்கூடிய இருக்கை நிலை ஆகியவை தரும் பலன் அந்த அரைக் கிலோவை விடப் பெரிது. காபன் போர்க் பூட்டிய அலுமினியச் சைக்கிளில் தொடங்கும் இளைஞர் எதையும் இழக்கமாட்டார்.

மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

500 டொலர் பிரேமுக்கு மட்டுமானது. சில்லு இரண்டு, கியர்த் தொகுதி, பிரேக், ஹாண்டில்பார், ஸ்ரெம், சீற், ரயர், ரியூப், கேபிள், பெடல் ஆகியவற்றைப் புதிதாக வாங்கினால் பிரேமின் விலையைப் போல இரண்டு மடங்கு எளிதில் போய்விடும். பாகம் பாகமாக வாங்குவது முழுச் சைக்கிளாக வாங்குவதை விடப் பொதுவாகக் கூடுதலாகவே முடியும். கையில் ஏற்கெனவே ஒரு ரேசிங் சைக்கிள் இருந்து, அதன் பாகங்களை மாற்றிப் பூட்டலாம் என்ற நிலையில்தான் வெறும் பிரேம் வாங்குவது இலாபம். அதற்கும் அளவுகள் பொருந்த வேண்டும்.

கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய அளவுகள்

உடலளவு: ‘54’, ‘நடுத்தரம்’ என்ற அளவுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெடல் அச்சின் மையத்தில் இருந்து முன் தலைக் குழாயின் உச்சி வரையான செங்குத்து உயரம் ‘ஸ்ராக்’. அதே இரு புள்ளிகளுக்கு இடையிலான கிடைத் தூரம் ‘ரீச்’. இப்போது வசதியாக ஓடும் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி இந்த இரண்டையும் அளந்து, வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

பிரேக்: டிஸ்க் பிரேக் பிரேமில் ரிம் பிரேக் பூட்ட முடியாது, மறுபக்கமும் அப்படியே. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக்குக்குக் காற்று எடுக்கும் கருவியும் அதற்குரிய எண்ணெயும் தேவை. கேபிளில் இயங்கும் ரிம் பிரேக்கை எந்தச் சைக்கிள் கடையிலும் சரிசெய்யலாம்.

சில்லு அச்சு: இன்றைய டிஸ்க் பிரேம்களில் முன்னால் 12 மி.மீ. தடிப்பும் 100 மி.மீ. அகலமும், பின்னால் 12 மி.மீ. தடிப்பும் 142 மி.மீ. அகலமும் வழமை. ரிம் பிரேக் பிரேம்களில் பின் அகலம் 130 மி.மீ. பழைய சில்லைப் பூட்ட நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பொட்டம் பிரக்கெற்: பிஎஸ்ஏ எனப்படும் 68 மி.மீ. மரை வகையைத் தெரிவுசெய்வது நல்லது. அதற்குரிய ஸ்பானரால் கழற்றிப் பூட்டலாம். பிபி86, பிஎப்30 போன்றவை அழுத்திச் செருகும் வகைகள். அவற்றுக்குத் தனிக் கருவி வேண்டும். துளை சிறிது பிசகினாலும் மிதிக்கும்போது கிரீச்சிடும்.

ஹெட்செற்: எந்த அளவு போல்பெயரிங் என்று கேட்டு, ஒரு சோடியை மேலதிகமாக வாங்குங்கள். கேபிள் எல்லாம் ஹெட்செற்றுக்குள்ளால் போகும் பிரேம்கள் அழகானவை. ஆனால் ஒரு பெயரிங் மாற்றுவதற்கு முழுச் சைக்கிளையும் கழற்ற வேண்டிவரும்.

சீற் போஸ்ற்: 27.2 மி.மீ. வட்டக் குழாய் எங்கும் கிடைக்கும். காற்றை வெட்டும் தட்டை வடிவம் என்றால் அந்தத் தொழிற்சாலையிடம் மட்டும்தான் வாங்கலாம்.

ரயர் இடைவெளி: நமது வீதிகளுக்கு 28 மி.மீ. குறைந்தபட்சம், 32 மி.மீ. ரயர் போகும் பிரேம் என்றால் இன்னும் நல்லது.

கேபிள் வழி: மின்னணுக் கியருக்கு மட்டும் செய்யப்பட்ட பிரேமில் கேபிள் போக வழியிராது.

ஹாங்கர்: பின் கியர் கருவி தொங்கும் சிறிய அலுமினியத் துண்டு இது. விழுந்தால் முதலில் வளையும். பிரேமுக்குப் பிரேம் வடிவம் மாறும். இரண்டு மேலதிகமாகக் கேட்டு வாங்குங்கள். இதற்காக மாதக்கணக்கில் சைக்கிள் நிற்க வேண்டாம்.

பாவித்த பிரேம்

சந்தை டிஸ்க் பிரேக் பக்கம் போய்விட்டதால், ஐரோப்பாவில் பாவித்த ரிம் பிரேக் காபன் சைக்கிள்கள் முன்பை விட மலிவாகக் கிடைக்கின்றன. அங்குள்ள உறவினர் நேரில் போய்ப் பார்க்கலாம் என்பதே இதில் உள்ள பெரிய நன்மை. அவரிடம் சொல்ல வேண்டியவை: நல்ல வெளிச்சத்தில் தலைக் குழாய், பெடல் அச்சுப் பகுதி, சீற் இறுக்கும் இடம் ஆகியவற்றை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். போர்க்கை வெளியே எடுத்து அதன் தண்டைப் பார்க்க வேண்டும். நாணயத்தால் குழாய் நீளம் முழுவதும் மெதுவாகத் தட்ட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஒலி மந்தமாக இருந்தால் உள் அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். இந்தத் தட்டுச் சோதனை எல்லாவற்றையும் காட்டிவிடாது. விழுந்த வரலாறு இருந்தால் வாங்காமல் விடுவதே பாதுகாப்பு.

பொதி வரும்போது

பிரேமும் போர்க்கும் 8714.91 என்ற சுங்கக் குறியீட்டின் கீழ் வருகின்றன. பொருளின் விலை, காப்புறுதி, அனுப்பும் செலவு ஆகியவற்றின் கூட்டுத்தொகை மீதே தீர்வை கணக்கிடப்படும். வீதங்கள் மாறுவதால், கட்டளை கொடுக்க முன்னர் சுங்கத்திலோ பொதி அனுப்பும் முகவரிடமோ அந்தக் குறியீட்டைச் சொல்லிக் கேளுங்கள். விலையைக் குறைத்து எழுதித் தருவதாக விற்பனையாளர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பிடிபட்டால் பொருள் தடுக்கப்படும். வழியில் உடைந்தால் எழுதிய தொகைக்கு மேல் நட்டஈடும் கேட்க முடியாது.

பெட்டியைத் திறப்பதை ஆரம்பம் முதல் காணொளியாக எடுங்கள். வாங்குபவருக்குப் பாதுகாப்புத் தரும் தளங்களில் முறைப்பாட்டுக்குக் காலவரையறை உண்டு. கடல்வழிப் பொதி இரண்டு மாதம் எடுத்தால் அந்தக் காலம் முடிந்திருக்கும். ஆகவே வெளிநாட்டில் உறவினர் கையில் கிடைத்தவுடனேயே அவர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

பூட்டும் ஒழுங்கு

1. டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். தொங்கும் பிளாஸ்ரிக், பசைக் கட்டி இருந்தால் அகற்றுங்கள். எல்லாப் பாகங்களையும் இறுக்காமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள்.

2. பொட்டம் பிரக்கெற் பூட்ட முன்னர் கேபிள், பிரேக் குழாய்களை உள்ளே செலுத்துங்கள். பூட்டிய பின்னர் வழி அடைபடும்.

3. பிஎஸ்ஏ கப்புகளின் மரையில் கிறீஸ் பூசுங்கள். வலது பக்கக் கப் இடஞ்சுழியாகத்தான் இறுகும். முதல் சில சுற்றுகளைக் கையால் சுற்றுங்கள். கையால் சுற்ற முடியாவிட்டால் மரை ஏறவில்லை என்று பொருள்.

4. போர்க் தண்டை உடனே வெட்ட வேண்டாம். வளையங்களை வைத்துச் சில நாள் ஓடி, உயரம் சரியென்று தெரிந்த பின்னர் வெட்டுங்கள். ஸ்ரெமுக்குக் கீழே போடக்கூடிய வளையங்களின் உயரத்துக்கு உற்பத்தியாளர் எல்லை சொல்லியிருப்பார். பெரும்பாலும் 30 மி.மீ. அளவில் இருக்கும். நுண்ணிய பல்லுள்ள வாளால், ஈரத்துணி வைத்து, முகக்கவசம் அணிந்து வெட்டுங்கள். காபன் தூசு நுரையீரலுக்குக் கெடுதி. உலோகத் தண்டில் அடிக்கும் நட்சத்திர நட்டைக் காபன் தண்டில் ஒருபோதும் அடிக்கக் கூடாது. அதற்கென உள்ளே விரியும் அடைப்பு இருக்கிறது.

5. சீற் போஸ்ற்றில் கிறீஸ் பூச வேண்டாம். காபன் பேஸ்ற் எனப்படும் மணல்போன்ற பசையைப் பூசினால் குறைந்த இறுக்கத்திலேயே வழுக்காமல் நிற்கும். குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய அளவுக் கோட்டைக் கவனியுங்கள்.

6. சில்லு, கியர், செயின், பிரேக் ஆகியன கடைசி. முதல் 50 கிலோமீற்றருக்குப் பின்னர் எல்லா இறுக்கங்களையும் மீண்டும் சரிபாருங்கள்.

எவ்வளவு இறுக்குவது?

உருக்குச் சைக்கிளைக் கை நோகும்வரை இறுக்கிப் பழகியவர்கள் நாம். காபனில் அந்தப் பழக்கம் குழாயை நசுக்கும். 2 முதல் 20 நியூட்டன் மீற்றர் வரை அளக்கும் ரோர்க் ஸ்பானர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். 5 நியூட்டன் மீற்றர் என்பது 10 சென்ரிமீற்றர் நீளமான சாவியின் நுனியில் 5 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். பாகத்தில் அச்சிட்ட அளவு இருந்தால் அதுவே முடிவு. இல்லாவிட்டால் வழமையான அளவுகள், நியூட்டன் மீற்றரில்:

சீற் போஸ்ற் இறுக்கி: 5
ஸ்ரெம், போர்க் தண்டில்: 5
ஸ்ரெம், ஹாண்டில்பாரில்: 5
போத்தல் தாங்கி: 2 முதல் 3
டிஸ்க் பிரேக் பிடி: 6 முதல் 8
ஷிமானோ கிராங்கின் இடது கை: 12 முதல் 14
பிஎஸ்ஏ கப்: 35 முதல் 50

கடைசி அளவு சிறிய ஸ்பானரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பெரிய ஸ்பானர் உள்ள கடையில் இறுக்கிக்கொள்ளலாம்.

போர்க் தண்டு, ஸ்ரெம் ஆகியவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 2006 பாரிஸ்–ரூபே போட்டியில் அமெரிக்க வீரர் ஜோர்ஜ் ஹின்காபியின் போர்க் தண்டு முறிந்து, ஹாண்டில் கையோடு வந்தது. அவர் விழுந்து தோளில் காயமடைந்தார். அந்தத் தண்டு காபன் அல்ல, அலுமினியம். எந்தப் பொருளானாலும் அந்த இடம் முறிந்தால் ஓடுபவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

உப்புக் காற்றும் உடைந்த பிரேமும்

காபன் துருப்பிடிக்காது. ஆனால் அதோடு தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம், உப்பு ஈரம் பட்டால் வேகமாக அரிக்கும். காபன் பிரேமுக்குள் இருக்கும் அலுமினியச் சீற் போஸ்ற் ஒட்டிப்போய்க் கழற்ற முடியாமல் போவது கரையோரங்களில் நடக்கக்கூடியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, பேஸ்ற் பூசி, மீண்டும் பூட்டுங்கள்.

பலமாக விழுந்தால், கீறல் தெரியாவிட்டாலும் ஓட்டத்தை நிறுத்திச் சோதியுங்கள். புதிய சத்தம், நிறப்பூச்சில் மயிரிழைக் கோடு, அழுத்தினால் மென்மையாக உணரும் இடம் ஆகியவை அபாய அறிகுறிகள். போர்க்கும் ஹாண்டில்பாரும் பழுதானால் திருத்த வேண்டாம், மாற்றுங்கள். பிரேமின் குழாய்களைப் பயிற்சி பெற்றவர் எபொக்சியும் காபன் துணியும் கொண்டு திருத்த முடியும். ஆனால் படகுப் பட்டறையில் பைபர் ஒட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். படகுக்குப் பொதுவாகப் பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசின், இறுகிய எபொக்சியில் ஒழுங்காகப் பிடிக்காது. ஒட்டு நன்றாகத் தெரியும். வேகத்தில் கழன்று வரும். வெடித்த உருக்குப் பிரேமை ஊர்ப் பட்டறையில் ஒட்டவைத்து மறுநாளே ஓடலாம். அந்த வசதி இங்கே காபனுக்கு இல்லை என்பதையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

வெளிநாட்டு உறவினர் என்ன அனுப்ப என்று கேட்டால், நிறத்தையும் பெயரையும் சொல்ல முன்னர் இவற்றை எழுதி அனுப்புங்கள்: ஸ்ராக், ரீச் அளவுகள், பிரேக் வகை, சில்லு அச்சு அகலம், பிஎஸ்ஏ மரை, 27.2 மி.மீ. சீற் போஸ்ற், குறைந்தது 28 மி.மீ. ரயர் இடைவெளி, மேலதிக ஹாங்கர் இரண்டு, ஒரு ரோர்க் ஸ்பானர். இவற்றில் ஒன்றுக்கேனும் விற்பனையாளரிடம் தெளிவான பதில் இல்லையென்றால் வேறு பிரேம் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் பொருந்தியும் பணம் போதவில்லையென்றால் அலுமினியப் பிரேமை எடுத்து, மிச்சக் காசில் நல்ல ரயரும் தலைக்கவசமும் வாங்குங்கள்.